ஏழாம் புத்தகத்தில் நாய்

அண்ணனுக்குச் சர்க்கரை முதலில் கண்ணைப் பறித்தது, பிறகு சிறுநீரகத்தை. இனி ஊசியும் வேண்டாம், மெஷினும் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டான். பிடிவாதத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

"நம்ம கப்பல் புத்தகம் ஏழும் பரண்ல இருக்கு. எடுத்துப் படி" என்றான்.

சின்ன வயதில் அவன்தான் எனக்கு வாசித்துக் காட்டுவான். கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாலும் புத்தகத்தைத் தொட விடமாட்டான். சரியான கஞ்சன் என்று நினைத்திருந்தேன். பிறகு கதைதான் தெரியுமே என்று நானும் எடுத்துப் பார்க்கவில்லை. ஒரு கப்பல், அதில் ஒரு சமையல்காரர், அவருடைய ஒற்றைக்காது நாய். எனக்கு நாய்தான் உயிர்.

மூன்றாம் புத்தகத்தின் நடுவில் புயல் வந்தது. நாய் கடலில் விழுந்து செத்துப்போனது. திரும்பவும் படித்தேன். செத்துத்தான் போயிருந்தது. அடுத்த புத்தகங்களை மளமளவென்று புரட்டினேன். திருடனின் செருப்பை அது ஒளித்துவைத்தது, குரைத்தே கப்பலைப் பாறையில் மோதாமல் காப்பாற்றியது, அவன் வாசித்துக் காட்டிய எதுவும் அவற்றில் இல்லை.

"ஏன் நிறுத்திட்ட?"

"நாய் செத்துப்போச்சுண்ணே."

"அப்போ அப்பா போய் ஒரு மாசம்கூட ஆகல. நீ அவர் சட்டையைக் கட்டிக்கிட்டுத் தூங்குவ. இதை எப்படிடி உங்கிட்ட படிக்கிறது?"

அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அவனும் சின்னப் பையன்தான். அவனுக்கும்தான் அப்பா போயிருந்தார். அவனுக்கு யார் கதையை மாற்றிச் சொன்னார்கள்?

ஏழாவதை மட்டும் அவன் எனக்கு வாசித்ததே இல்லை. அது வந்தபோது லேத் பட்டறை வேலைக்குப் போயிருந்தான்; வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுச் சாய்ந்துவிடுவான். அவன் வாசிக்காததை நானும் தொடவில்லை. எனக்கும் வீம்பு உண்டு.

"ஏழாவதுல நாய் என்ன பண்ணுது? அதையும் சொல்லிடு."

போவதற்குள் என்று நான் சொல்லவில்லை. அவனுக்குப் புரிந்தது.

"நீ படி. அது வர்ற இடத்துல நான் விரலைத் தூக்குறேன்."

மத்தியான வேளைகளில் படித்தேன். விரல் எழும், நான் நிறுத்துவேன், நாய் வரும். மூச்சு வாங்க வாங்கச் சொல்வான். ஒருமுறை அது சமையல்காரரின் பொய்ப்பல்லைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணிகூடச் சிரித்துவிட்டார்.

கடைசி அத்தியாயத்தில் கப்பல் கரை சேர்ந்தது. சமையல்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் நிறுத்திவிட்டு அவன் விரலைப் பார்த்தேன்.

"நாய் இறங்கிச்சா, அண்ணே?"

அண்ணி ஓடிவந்து அவன் மூக்கருகே கை வைத்துப் பார்த்தார். அப்போதும் நான் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.