அறுப்பு லீவ்

சண்டைக்கென்று கூப்பிட்டு, சங்கரலிங்கத்தை அரிசிக்குக் காவல் வைத்தார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசி மாதம். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே அவனுடைய கரிசல் காட்டில் கொத்தமல்லி விதைத்து, முளை வெளியே தலைகாட்டியிருந்த நேரம். பட்டாளத்தில் ஏழு வருஷம் இருந்து, போதும் என்று அனுப்பப்பட்டு வந்தவன். முதல் தடவை போனது பசிக்குப் பயந்து, தானாகப் போனது. அனுப்பும்போதே, தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிடுவோம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அவன்தான் அதை மறந்துவிட்டு உழுதான், விதைத்தான், ஆவணியில் அங்கம்மாளையும் கட்டினான். இந்தத் தடவை அவன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. போகாவிட்டால் போலீஸ் வரும் என்றார்கள். போனான்.

எல்லைக்கு அனுப்புவார்கள் என்று நினைத்தவனைக் கொச்சிக்குக் கொண்டுவந்து, மட்டாஞ்சேரி கடைத்தெருவில் பட்டாளத்துக்கென வாடகைக்கு எடுத்த அரிசிக் கிட்டங்கியின் வாசலில் துப்பாக்கியோடு நிற்க வைத்தார்கள். பக்கத்துக் கிட்டங்கியில் சரக்குப் புடைக்கிற பேச்சி, விருதுநகர்ப் பக்கத்துக்காரி, வந்து பல வருஷம் ஆனவள். பாகிஸ்தான்காரன் கஞ்சி வைக்க அரிசி தேடி இங்கே வருவானோ என்று போகும்போதும் வரும்போதும் அவனைக் கேலி செய்வாள்.

மார்கழி பிறக்கும்போது சண்டை முடிந்துவிட்டது. இனி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாரும் படுக்கையைச் சுருட்டினார்கள். அனுப்பவில்லை. தை போயிற்று. மல்லி பூத்திருக்கும், காய் பிடித்திருக்கும் என்று அவன் நின்ற இடத்திலிருந்தே கணக்குப் போட்டான். மல்லியைப் பனி ஈரத்தோடு பிடுங்கவேண்டும். வெயில் ஏறிவிட்டால் கைபட்டதும் மணி உதிர்ந்துவிடும். ஒற்றை ஆளால் ஆகிற வேலையா அது? அங்கம்மாள் எந்த மூலையில் தொடங்கி எந்த மூலையில் முடிப்பாள்? இதைச் சொல்லிச் சொல்லித்தான் சுபேதார் வைத்தீஸ்வரனிடம் அறுப்புக்கு லீவ் வாங்கினான். சுபேதார் பாலக்காட்டுக்காரர். வயல் உள்ளவர். சரியென்றார்.

லீவ் கேட்டவன் இன்னொருத்தனும் உண்டு. தென்காசிப் பக்கத்து ராமர், இவனைப்போலவே ஏரை விட்டுவிட்டு வந்தவன். அப்பன் இல்லை, பிசான நெல் தலைசாய்ந்து நிற்கிறது. ஆனால் ஒருவன் போய்த் திரும்பினால்தான் அடுத்தவன் போகலாம். சங்கரலிங்கம் மூத்தவன், அவனுக்கு முதல் முறை.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் பேச்சி அவனைக் கூப்பிட்டாள்.

“இங்க வாங்க சேட்டா. எந்த மகராசியோ பட்டாளத்துச் சட்டையை வெட்டிச் சாக்குக்கு ஒட்டுப் போட்டிருக்கா.”

கோவில்பட்டிச் சந்தையிலிருந்து லாரியில் வந்து இறங்கிய மல்லி மூட்டை. அதன் அடிப்பக்கத்தில் பச்சைத் துணி. துணி வெளுப்பில் மாறிவிடாமலிருக்க ஒவ்வொரு சட்டையிலும் அவனவன் நம்பரை மையால் எழுதுவது பட்டாளத்து வழக்கம். ஒட்டின் ஓரத்தில் அந்த நம்பர் பாதி மங்கித் தெரிந்தது. அவனுடைய நம்பர். வீட்டில் விட்டுவந்த பழைய சட்டை.

மூட்டை வாய்க்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினான். மணி உடையவில்லை, சருகு இல்லை, பச்சை இன்னும் முழுக்கப் போகவில்லை. அங்கம்மாள் பனியிலேயே பிடுங்கியிருக்கிறாள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, அடித்து, தூற்றி, விற்றும்விட்டாள். அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை நாளும் காடு கூப்பிடுகிறது, காடு கூப்பிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். காடு முடிந்துவிட்டது. நெஞ்சில் கிடந்தது அப்படியே கிடந்தது. அது மல்லி இல்லை, மல்லியைப் பிடுங்கிய கை.

மல்லி வாசம் விரலில் ஏறியிருந்தது. சாயாக் கிளாஸை வலக்கையால் தொடாமல் இடக்கையால் குடித்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லீவ் போகும். சுபேதாருக்குத் தெரியவா போகிறது? பேச்சிக்கே தெரியாது. நாளைக்கு இந்நேரம் ரயிலில் இருக்கலாம். இப்படியெல்லாம் எண்ணிக்கொண்டே டிரங்குப் பெட்டியில் துணியை அடுக்கினான். ராமர் வந்து உட்கார்ந்து, கேட்காமலே கயிறு கட்டிக் கொடுத்தான்.

“நிம்மதியாப் போயிட்டு வாங்கண்ணாச்சி. நெல்லு அதுவரைக்கும் நிக்கும்.”

நிற்காது. அது ராமருக்கும் தெரியும். நெல்லை அறிந்த எவனுக்கும் தெரியும். முடிச்சை இறுக்கிய அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான் சங்கரலிங்கம். பிறகு எழுந்து சுபேதாரிடம் போனான்.

காட்டில் வேலை முடிந்துவிட்டது என்றும், ராமரை முதலில் அனுப்பலாம் என்றும் சொன்னான். சுபேதார் அவன் முகத்தைப் பார்த்தார். வேலை முடிந்தால் நல்லதுதானே, பின்னே ஏன் செத்த வீட்டிலிருந்து வந்தவன் மாதிரி நிற்கிறாய் என்று கேட்டார்.

“சும்மாத்தான் சாப். வீட்டுல அவளப் பாக்கணும்னு இருந்தது.”

பட்டாளத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தாய்க்குச் சுகமில்லை என்பார்கள், கூரை விழுந்தது என்பார்கள். எழுதிக்கொண்டிருந்த கிளார்க் குனிந்து சிரித்தான். சுபேதார் சிரிக்கவில்லை.

“அறுப்புக்கு லீவ் உண்டு, சாவுக்கு உண்டு, வீடு இடிஞ்சாலும் உண்டு. இதுக்குன்னு ஒரு லீவ் இவா வைக்கலைடா. வச்சிருந்தா நானே முதல்ல போயிருப்பேன்.”

சீட்டு ராமர் பேருக்கு மாறியது. சங்கரலிங்கத்தின் பெட்டியை அவிழ்க்க நேரமாயிற்று. ராமர் கட்டிய முடிச்சு அப்படி.

மறுநாள் படகுத்துறைவரை கூடப் போனான். தண்ணீருக்கு அந்தப்புறம் தீவில் கப்பல்கள் நின்றன. சங்கரன்கோவிலுக்கு ஒரு எட்டுப் போய் வருவதாகச் சொன்ன ராமர், மதனியிடம் என்ன சொல்லவேண்டும் என்று கேட்டான்.

சொல்ல என்ன இருக்கிறது. மல்லி நன்றாக இருந்தது என்பதா? சட்டையைக் கிழித்துவிட்டாயே என்று கோபிப்பதா? இரண்டு மாசத்தில் பழகிய முகம், கண்ணை மூடினால் இப்போது முழுசாக வருவதில்லை. மூக்கு வந்தால் நெற்றி வருவதில்லை.

“சொல்லுததுக்கு ஒண்ணுமில்லடே. நீ அவள நல்லாப் பாத்துட்டு வா. எப்படி இருக்கா, மெலிஞ்சிருக்காளா, சிரிச்சாளான்னு. வந்து எனக்குச் சொல்லு.”

ராமர் தலையைச் சொறிந்தான். “அடுத்தவன் பொண்டாட்டிய நல்லாப் பாருன்னு யாரும் சொல்லுவாகளா அண்ணாச்சி? ஊருல காலை ஒடிச்சிருவானுவ.”

“ஒடிச்சா ஒடிக்கட்டும். பாத்துட்டு வா.”

படகு விலகியது. ராமர் கையை உயர்த்தி, சரியென்பதுபோல் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான்.