ஊதா மாறாத குழாய்

தாய்ப்பாலில் சில சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. அப்படியானால் அவை யாருக்கு? 1996இல் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை படித்துவந்த மதிவதனி, இந்தக் கேள்வியையே ஆய்வாக எடுத்துக்கொண்டாள். குழந்தையின் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாவுக்குத்தான் என்பது அவள் எண்ணம்.

ஆய்வுக்குப் பால் கொடுத்தவள் அவளுடைய பெரியம்மா மகள் பாவாத்தாள். மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்பில் கூலி வேலை செய்பவள், கைக்குழந்தைக்காரி.

"என்ற பாலு தண்ணியா இருக்குதுன்னு பவுடர் பாலுக்கு மாத்தச் சொல்றாங்க. அதுல என்ன கெடக்குதுன்னு நீயே பாத்துச் சொல்லு, கண்ணு" என்றாள்.

பாலையும் குழந்தையின் மலத்தையும் ஐஸ் பெட்டியில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு மதிவதனி பஸ்ஸில் திரும்பினாள். உடன் படித்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். மலத்திலிருந்து பிரித்தெடுத்த, காற்றுப் பட்டால் செத்துவிடும் அந்த நல்ல பாக்டீரியா இரண்டு முறை செத்தது. மூன்றாம் முறை வளர்ந்தது.

நான்கு குழாய்களில் ஊதா நிறக் கரைசலை ஊற்றினாள். இரண்டில் பவுடர் பாலில் இருக்கும் சர்க்கரை. இரண்டில் பாவாத்தாளின் பாலிலிருந்து பிரித்த, தாய்ப்பாலுக்கே உரிய அந்தச் சர்க்கரைகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் நல்ல பாக்டீரியாவையும், மற்றதில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமியையும் விட்டாள். சர்க்கரையைத் தின்றால் அமிலம் சுரந்து கரைசல் மஞ்சளாகும்.

மூன்று குழாய்கள் மஞ்சளாயின. தாய்ப்பால் சர்க்கரையில் விட்ட கெட்ட கிருமி மட்டும் பட்டினி கிடந்தது. ஊதா அப்படியே இருந்தது. பவுடர் பால் சர்க்கரையோ இரண்டுக்கும் தீனியாகிவிட்டது. அன்றே அவள் மேட்டுப்பாளையம் போய்ச் சொன்னாள். பாவாத்தாள் பிள்ளையை வாரி மாரில் போட்டுக்கொண்டாள்.

வழிகாட்டிப் பேராசிரியர் அரங்கசாமி ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, பவுடர் பால் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார். ஆய்வகத்துக்குக் கருவிகள் கொடுத்ததே ஒரு பால்பவுடர் கம்பெனிதான்.

"படிச்சு முடிக்கோணுமா வேண்டாமா, அம்மணி?"

"முடிக்கோணுங்க சார். ஆனா அந்தப் பக்கத்த எடுக்க மாட்டேனுங்க. தப்புன்னா சொல்லுங்க, உங்க முன்னாலயே மறுபடி செஞ்சு காட்டறேனுங்க."

அவர் கையெழுத்துப் போடவில்லை. உடன் படித்தவர்கள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஊர் போனார்கள். சோதனையை மறுபடி செய்துகாட்ட அனுமதி கேட்டு மதிவதனி துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்தாள். மூன்று ஆசிரியர்கள் பார்க்க, குழாய்களை மறுபடி வைத்தாள். இரண்டு நாள் கழித்து அரங்கசாமியும் வந்து நின்று பார்த்தார். மூன்று மஞ்சள், ஒன்று ஊதா. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் வழிகாட்டியாகத் தன் கையில் இருந்த மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டார். முதல் வகுப்பு இரண்டு மதிப்பெண்ணில் தவறியது. வீட்டில் அம்மா அழுதாள். மதிவதனி அழவில்லை. அந்தப் பக்கத்தை எளிய தமிழில் எழுதி, நூறு பிரதி எடுத்து, மருத்துவமனைப் பிரசவ வார்டு வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கீழே தன் பெயரையும் கல்லூரியின் பெயரையும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள்.