ஒற்றன் கண்ணாடி

வலது முழங்காலில் வலி ஏறிவிட்டால் தோனாத்தோ படி எண்ணுவதை நிறுத்திவிடுவான். எண்ணினால் இன்னும் எத்தனை பாக்கி என்று தெரிந்துபோகும். ஐம்பத்தெட்டு வயது. நாற்பத்திரண்டு வருடம் கல் சுமந்த முழங்கால். ஒரு கையில் ஜிப்சம் வாளி, தோளில் உளிப்பை, தலைக்கு மேல் ஜூலை முதல் தேதி வெயில். மத்தேரா ஊரின் பழைய பள்ளத்தில் எவன் நடந்தாலும் இன்னொருவன் கூரை மேல்தான் நடக்க வேண்டும். குடைந்த பாறைக்குள் வீடு, அந்த வீட்டின் தலையில் தெரு, தெருவை ஒட்டி அடுத்த குடைவு. அப்படியே உச்சி வரைக்கும்.

காலையில் மச்சினன் சவேரியோ போன் செய்திருந்தான். ஆறு குகை வீடுகளை வெள்ளையடித்து, கட்டில் போட்டு, வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவன் அவன்.

"மச்சான், நாலு மணிக்கு ரெண்டு பொம்பளைங்க வராங்க. கட்டிலுக்கு மேல ஒரு கண்ணாடிச் சனியன ஒட்டி வச்சிருக்கியே, அதக் கொஞ்சம் பாரு. போன வாரம் தங்கினவன் போட்டோ புடிச்சுப் போட்டு, 'இது வீடா, ஆஸ்பத்திரியா, சுவத்துக்குக் கட்டு போட்டிருக்கு'ன்னு எழுதியிருக்கான்."

"அது அலங்காரத்துக்கு வச்சதில்ல, சவேரியோ."

"தெரியும், தெரியும். நீ பாரு."

பூட்டைத் திறந்து உள்ளே போனான். குகைக்குள் எப்போதும் போலக் குளிர்ச்சி. முட்டிக்கு அந்தக் குளிர்ச்சி ஆகாது. ஸ்டூலில் ஏறி டார்ச்சை அடித்தான்.

கூரை வளைவில் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு விரிசல். அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு, இரண்டு முனையும் ஜிப்சத்தில் பதிந்து. கொத்தனார்கள் அதை ஒற்றன் என்பார்கள். பாறை மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். வைக்கிறவன் ஈர ஜிப்சத்தில் ஆணியால் தேதியும் தன் பெயரின் முதல் எழுத்தும் கீறுவான். ஒற்றன் முறிந்துவிட்டால், வைத்தவன் அதில் கை வைக்கக் கூடாது. வேறொரு கொத்தன் வந்து தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவரை கீழே ஒரு கோழி கூட இருக்கக் கூடாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கல்குவாரியில் முதல் வாரமே உதை வாங்கிக் கற்றுக்கொள்வது.

கண்ணாடி நடுவில் முறிந்திருந்தது. ஒரு பாதி மற்றதைவிட நகக் கனம் கீழே இறங்கியிருந்தது.

தோனாத்தோ ஸ்டூலிலேயே நின்றான். ஏன் முறிந்தது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குகை ஒரு காலத்தில் அவன் வீட்டாருடையது. அரசாங்கம் ஊரைக் காலிசெய்து எல்லாரையும் மேட்டுக்கு அனுப்பும் வரை, பதினொரு பேரும் ஒரு கோவேறு கழுதையும் இதற்குள்தான் கிடந்தார்கள். இடம் போதாதபோதெல்லாம் அவன் வீட்டு ஆண்கள் பாறையை வெட்டினார்கள். பாட்டன் கழுதைக்கு வெட்டினான். அப்பன் தொட்டிலுக்கு ஒரு மாடம் வெட்டினான். எல்லாரும் வெட்டியது ஒரே இடம், குடையாமல் தூணாக விட்டிருந்த பின்பக்கப் பாறைக்கால். மேலே இருக்கிற தெருவைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்தக் கால்தான். போன ஜனவரியில் சவேரியோ, "குளிக்கிற தொட்டி வைக்கணும், ரெண்டு சாண் மட்டும்," என்றான். அனுமதி கிடையாது, கடுதாசி கிடையாது. பாட்டனும் அப்பனும் வெட்டிய கால்தானே என்று தோனாத்தோ இரண்டு சாண் வெட்டினான். வெட்டிய இடத்தில் வழவழவென்று ஓடு பதித்தான். இரண்டு மாதம் கழித்துக் கூரையில் விரிசல் வந்தது. மார்ச் பன்னிரண்டாம் தேதி ஒற்றனை வைத்தான்.

இப்போது இன்னொரு கொத்தனைக் கூப்பிட்டால் அவன் பொறியாளரைக் கூப்பிடுவான். பொறியாளர் பதித்த ஓடு ஒன்றைப் பெயர்த்தாலே போதும். உளித்தடம் பச்சையாகத் தெரியும். யார் வெட்டியது என்று கேட்பார். வேலை உரிமம் போகும். கோர்ட்டு, வக்கீல், ஊர் வாய்.

உளியின் முனையால் பழைய ஜிப்சத்தைத் தட்டி எடுத்தான். புதிதாகக் குழைத்தான். புதுக் கண்ணாடியைப் பதித்தான். ஆணியை எடுத்தான். பிறகு "மார்ச் 12, தோ" என்று கீறினான். அடுப்பு மாடத்தில் இருந்த பழைய கரியை விரலில் தொட்டு, வெள்ளை மேல் தேய்த்து மங்கலாக்கினான். நாற்பத்திரண்டு வருடத்தில் அவன் எழுதிய முதல் பொய்த் தேதி அது.

நாலு மணிக்கு சவேரியோ பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னால் இரண்டு பெண்கள், அறுபதைத் தாண்டியவர்கள். வடக்கே ஓடு சுடும் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஒரே சூளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். உயரமானவள் இவானா. குட்டையாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவள் தெல்ஃபீனா.

"இத்தன படியா? எனக்கு முதல்லயே சொல்லியிருந்தா என் காலை வீட்டுலயே விட்டுட்டு வந்திருப்பேன்," என்றாள் தெல்ஃபீனா.

"நாக்கை விட்டுட்டு வந்தாப் போதும்டி," என்றாள் இவானா. அவள் படுக்கையைப் பார்க்கவில்லை, குளிக்கிற தொட்டியைப் பார்க்கவில்லை. நேரே கூரையைப் பார்த்தாள். "அது என்ன?"

"அது பழைய காலத்து..." என்று சவேரியோ ஆரம்பித்தான்.

"உங்களக் கேக்கல. கையில சுண்ணாம்பு யாருக்கு இருக்கோ அவரக் கேட்டேன்."

தோனாத்தோ வாளியைக் கீழே வைத்தான். "விரிசல் நகருதான்னு பாக்க வச்சது, அம்மா. நகர்ந்தா முறிஞ்சிரும்."

"எப்ப வச்சீங்க, மேஸ்திரி?"

"தேதி போட்டிருக்கு."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் ஸ்டூலில் ஏறினாள். "மார்ச்சு பன்னெண்டு. தோ. அது நீங்களா?"

"தோனாத்தோ."

"கிட்டத்தட்ட நாலு மாசமா முறியல. அப்பச் சரி." இறங்கிக் கைகளைத் தட்டிக்கொண்டாள். "எங்க சூளையிலயும் இப்படித்தான். யாரு பாத்தான்னு பேரு இருந்தாத்தான் நான் உள்ள போவேன். முதலாளி வாய்ச்சொல்லுக்கு ஒரு அடி எடுத்து வச்சதில்ல. தெல்ஃபீனா, எனக்குச் சுவரோரம்."

சவேரியோ தோனாத்தோவைப் பார்த்துக் கண்ணடித்தான். தோனாத்தோ வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். மேலே தெருவில் நாளைய திருவிழாவுக்கு விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கம்பமாகத் தெருவில் போட்டபோது எழுந்த அதிர்வு அவன் முட்டி வரைக்கும் வந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு அவன் மனைவி ரொசாரியா அவரைப்பருப்பு மசியலும் கசப்புக் கீரையும் வைத்தாள். அவன் ரொட்டியைப் பிய்த்தான், வைத்தான், மறுபடி பிய்த்தான்.

"என்ன, பல்லு வலியா?"

"முட்டி."

"முட்டியால சாப்பிடறதில்லயே மனுஷன்."

கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கி வேட்டு எத்தன மணிக்கு?" என்றான்.

"புரூனா மாதா திருவிழாவுக்கு எந்த வருஷம் மாறிச்சு? விடியக்காலம் அஞ்சு மணிக்கு. முதல் வேட்டுக்கு ஊரே கட்டில்ல இருந்து துள்ளுமே. உனக்கு வயசாயிருச்சு."

அவன் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது. ஊரே துள்ளும். வேட்டு போடுகிற மைதானத்துக்கும் அந்தக் குகைக்கும் நடுவே இருப்பது ஒரே பாறை. இது அவன் நினைப்பில் வரவேயில்லை. கண்ணாடியை மறைப்பதிலேயே மனம் முழுக்கப் போய்விட்டது.

படுத்தான். தூக்கம் வரவில்லை. சொன்னால் அவன் தொலைந்தான். சொல்லாவிட்டால், சுவரோரம் படுத்திருக்கிறவள் அவன் பெயரை நம்பித்தான் படுத்திருக்கிறாள். மணி நாலரைக்கு எழுந்து சட்டையை மாட்டினான். படியிறங்கும்போது முட்டி ஒவ்வொரு படிக்கும் கத்தியது. வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

கதவை உள்ளங்கையால் அறைந்தான்.

"யாரது?"

"மேஸ்திரி. கேஸ் கசியுது. வெளிய வாங்க, சீக்கிரம்."

கதவு சாணளவு திறந்தது. இவானா இரவு உடையில் நின்றாள். "இங்க கேஸே கிடையாதே. கரண்ட் அடுப்புல்ல இருக்கு?"

"கீழ தொட்டியில... தண்ணித் தொட்டியில நாத்தம்..."

"பொய் சொன்னா ஒழுங்காச் சொல்லுங்க, மேஸ்திரி." அவன் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு திரும்பி, "தெல்ஃபீனா, எழுந்திரு. செருப்பத் தேடாத. வா!" என்றாள்.

தெல்ஃபீனா போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "முப்பது வருஷம் சம்பாரிச்ச தூக்கம்... இந்த ஊர்ல பேய்கூட விடிஞ்சப்புறம்தான் வருமோ?" மூவரும் முற்றத்தின் மறுகோடிக்குப் போனார்கள்.

முதல் வேட்டு வெடித்தது. பள்ளம் முழுக்கப் புறாக்கள் கிளம்பின. இரண்டாவது. மூன்றாவது வேட்டு ஓய்ந்த மௌனத்தில் திறந்த கதவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. டிக்.

கிளாசில் பல் பட்டது போல, அவ்வளவு சின்னச் சத்தம். அதற்குப் பின்னால் சல்லடையில் மாவு சலிப்பது போல மண் உதிர்ந்தது. அதற்கும் பின்னால் கனமாக எதுவோ மெத்தையில் விழுந்து அமுங்கியது.

தெல்ஃபீனா இவானாவின் கையைப் பிடித்தாள்.

வேட்டு முடியும் வரை மூவரும் அசையவில்லை. முடிந்ததும் இவானா பெட்டிகளை எடுக்கக் கிளம்பினாள். "நீங்க வேணாம்," என்று தோனாத்தோ அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். சுவரோரத் தலையணையில் ரொட்டி அளவுக்கு ஒரு கல் கிடந்தது. பெட்டிகளை வாசலுக்கு வெளியே எறிந்தான். காலடியில் ஒற்றனின் ஒரு பாதி, ஜிப்சத்தோடு. அதையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

இவானா கையை நீட்டினாள். அவன் கொடுத்தான். அவள் ஜிப்சத்தைத் திருப்பி, கூரையில் ஒட்டியிருந்த பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். நகம் இறங்கியது.

"முப்பது வருஷம் மண்ணும் சூளையும் பாத்தவ நான். நாலு மாசம் காஞ்சது உள்ள ஈரமா இருக்காது. எப்ப வச்சீங்க?"

அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

"எப்ப வச்சீங்கன்னு கேட்டேன்."

"நேத்து. மத்தியானம் ரெண்டு மணிக்கு. பழசு முறிஞ்சிருந்துச்சு."

இவானா துண்டை மறுபடி திருப்பிப் பார்த்தாள். "வந்து கதவத் தட்டினதுக்குக் கும்பிடணுமா, அந்தத் தேதிக்காக மூஞ்சில துப்பணுமான்னு எனக்குத் தெரியல," என்றாள். இரண்டில் எதையும் செய்யவில்லை. துண்டை அவன் கையில் திணித்துவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு படியேறினாள். தெல்ஃபீனா ஒற்றைச் செருப்போடு பின்னால் போனாள். சத்தம் கேட்டு ஓடிவந்த சவேரியோ பாதிப் படியில் அவர்களை மறித்து, வேறு வீடு, நல்ல வீடு, மேலே என்று என்னென்னவோ சொன்னான். இவானா அவனை ஒரு கம்பத்தைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனாள்.

சவேரியோ இறங்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஒரு கல்லுதான். தலகாணிய மாத்திட்டு, மேல ஒரு பூசு பூசிரு, மச்சான். பன்னெண்டு மணிக்கு ஒரு குடும்பம் வருது. நாலு பேரு. திருவிழாவுல வேற எங்கயும் இடம் கிடையாது."

"பூச மாட்டேன்."

"அப்படியா? சரி, கூப்பிடு உன் பொறியாளர. பாறைக்காலை வெட்டினது யாருன்னு நானே சொல்றேன். நான் ஓட்டல்காரன், எனக்கு உளி புடிக்கத் தெரியாது."

தோனாத்தோ உள்ளே போனான். அடுப்பு மாடத்திலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து கதவைச் சாத்தினான். பச்சைப் பெயின்ட் அடித்த கதவுப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதினான்.

மார்ச் 12 வைத்தது. ஜூலை 1 முறிந்திருந்தது. ஜூலை 1 வைத்தது. ஜூலை 2, காலை 5, முறிந்தது. உள்ளே போகாதே. தோனாத்தோ.

இதைப் பார்த்த பிறகு பள்ளத்தில் எந்தக் கொத்தனும் பூச வரமாட்டான், யாரையும் கதவைத் திறக்கவும் விடமாட்டான். சவேரியோவுக்கும் அது தெரியும். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனை எடுத்து, அந்தக் குடும்பத்தைக் கூப்பிடப் போனான்.

பலகையில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. வீட்டுக்குள் யாரும் போகாமலிருக்க எழுதியது போதும். அதன் தலையில், மேல் தெருவில் போகிறவர்களுக்கு அது போதாது. பின்பாறைக்கால் இரண்டு சாண் குறைந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் தெருவை மறிப்பார்கள். தோனாத்தோ கரியைப் பலகையில் வைத்தான். ஒரு புள்ளி விழுந்தது. கை அதற்கு மேல் ஓடவில்லை. வலி எங்கே என்று தெரியாத அளவுக்கு முட்டி மரத்துப்போயிருந்தது.

அப்போது தலைக்கு மேல் மத்தளம் கேட்டது. வேட்டு முடிந்ததும் வருஷா வருஷம் கிளம்பும் இடையர்களின் ஊர்வலம் தெருவில் திரும்பிவிட்டது. பாட்டு, கைதட்டல், பிள்ளைகளின் கூச்சல். அவர்களுக்குப் பின்னால் ஜோடித்த குதிரைகள், இருபதோ முப்பதோ, கல் பதித்த தெருவில் குளம்புகளை வைத்து வந்தன. சாத்திய கதவின் அடியிலிருந்து மண்தூசி மெல்லப் புகைந்து வெளியே வந்தது.

தோனாத்தோ அண்ணாந்து பார்த்தான். அவர்கள் ஒவ்வொருவருக்கும், பலகையில் இன்னும் விழாத அந்த ஒரு வரியை அவன் கடன்பட்டிருந்தான்: பின்பாறைக்காலில் இரண்டு சாண் வெட்டியது நான்.