ஹலோவுக்கு ஒரு வாக்கியம்

அகராதி அலுவலகம் 'அ'வில் புறப்பட்டு 'ஹ'வுக்கு வந்து சேர முப்பத்தொரு வருஷம் பிடித்தது. 'க'வைக் கடப்பதற்குள் இரண்டு பதிப்பாசிரியர்கள் ஓய்வு பெற்றார்கள். 'ச'வுக்குள் நுழைந்த ஒருவர் திரும்பவேயில்லை. மிஞ்சிய ஒரே தொகுப்பாளரின் மேசைக்குக் கடைசியில் 'ஹலோ' வந்தது.

சொல்லின் பிறப்பை எழுதுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தூரத்தில் போகிறவனை நிறுத்தவும் அக்கரைப் படகுக்காரனை அழைக்கவும் ஆங்கிலேயன் போட்ட கூச்சல். தொலைபேசி வந்ததும் மரியாதைச் சொல்லாகிவிட்டது. அதே போனை எடுத்தால் இத்தாலிக்காரன் 'தயார்' என்பான், ஸ்பெயின்காரன் 'சொல்லு' என்பான், ஜப்பான்காரன் 'சொல்கிறேன், சொல்கிறேன்' என்பான். அரைமணியில் முடிந்தது. எடுத்துக்காட்டு வாக்கியம்தான் இடித்தது. அலுவலகச் சட்டப்படி அதைக் கற்பனை செய்யக் கூடாது. யாராவது நிஜமாகப் பேசியிருக்க வேண்டும். பேசியவருக்கே படித்துக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

போனில் பேச அவருக்கு ஆளில்லை. மனைவியை அடக்கம் செய்த அன்றே மதியம் அகராதிச் சீட்டு எழுத வந்து உட்கார்ந்தவர். அதிலிருந்து நான்கு வருஷமாக மகள் பேசுவதில்லை. அவருக்கு அழுகையும் வரவில்லை, வருமென்று காத்திருக்கவும் இல்லை.

மகளின் எண்ணை அழுத்தினார். "ஹலோ" என்றாள். இவர் முதலில் அதைச் சீட்டில் எழுதினார். வைத்துவிட்டாள்.

சீட்டைப் பார்த்த தலைமைப் பதிப்பாசிரியர், "ஒத்தைச் சொல்லு வாக்கியமாய்யா? ஒப்புதலும் இல்ல. மறுபடி கூப்பிடுங்க," என்றார்.

கூப்பிட்டார்.

"ஹலோ?"

"அப்பா பேசுறேன்."

மறுமுனையில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது.

"ஹலோ, இது தப்பான நம்பர்," என்றாள் மகள். ஆனால் வைக்கவில்லை.

அவர் எழுதிக்கொண்டார். "படிச்சுக் காட்டணும்மா. 'ஹலோ, இது தப்பான நம்பர்.' சரியா இருக்கா?"

"என்ன பண்றீங்க?"

"அகராதிக்கு. இன்னிக்குக் கடைசி நாள்."

"உங்க உடம்புல ரத்தம் ஓடல, மைதான் ஓடுதுன்னு அம்மா சொல்லுவா."

"சொல்லுவா. சரியா இருக்கா?"

"இருக்கு."

"சொன்னவங்க எழுதுறவருக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டா திருப்பிடுவாங்க. என்ன போட?"

குழாயை இறுக்கி மூடும் சத்தம் வந்தது.

"மகள்னு போடுங்க," என்றாள். "முழுசாப் போடுங்க. சுருக்கி 'ம' புள்ளி வெக்காதீங்க."

முழுசாகவே போட்டார். மை காயும்வரை இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.