சரிவில் நின்ற வெள்ளை வண்டி

முப்பதாவது மூட்டையைத் தோளில் வாங்கியபோது வெயில் அப்போதுதான் முகத்தில் விழத் தொடங்கியிருந்தது. சிமெண்டுத் தூசி வேர்வையில் குழைந்து என் கழுத்தில் இறுகியிருந்தது. மூட்டையை வண்டியில் போட்டதும் பின்சக்கரத்துக்கு மேலிருந்த ஸ்பிரிங் பட்டை முனகியது. அந்தச் சத்தம் வேறு யார் காதிலும் விழுந்திருக்கக் கூடாதே என்று கடவுளை வேண்டிக்கொண்டேன்.

அதற்குள் வெள்ளை வண்டி முதல் நடைக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தது.

அந்தக் கிடங்கில் சரக்கு ஏற்றும் சின்ன லாரிகள் ஏழு. எல்லாமே முதலாளியிடம் ஓடித் தேய்ந்தவை. ஒரு வருடம் முன்பு, ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் தலையிலேயே அவற்றை விற்றுவிட்டார். "இனிமே நீங்க டிரைவர் இல்ல, நீங்களும் முதலாளி" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். மறுவாரம் கிளட்ச் போனது. அடுத்து ரேடியேட்டர் கொதித்தது. டயர், இன்சூரன்ஸ், பேட்டரி என்று வரிசையாக வந்தன. என் பெண்ணின் செருப்பு ஆணி அடித்த செருப்பாகவே இருந்தது.

வெள்ளை வண்டியைத்தான் நான் கேட்டிருந்தேன். அது எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவனுக்குப் போயிற்று. தினமும் கழுவித் துடைத்து நிறுத்துவான் என்பதால் அவனை எல்லோரும் 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டோம். கிடங்கு வாசலுக்கு நேரே, தெருவைப் பார்த்துத் தரை சரியும் இடத்தில் அவன் வண்டிதான் எப்போதும் நிற்கும். அங்கே நிற்பவனுக்கே முதல் சரக்கு. மூட்டை சுமக்கும் தூரமும் பாதிதான். நான் இரண்டு நடை முடிப்பதற்குள் அவன் மூன்று முடித்துவிடுவான்.

"அவங்க வண்டி எவ்வளவு லட்சணமா போகுது! நம்மது ஏன் வயித்துவலி வந்த மாதிரி கத்துது?" என்பாள் என் மனைவி. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒருமுறை வழியில் என் ரேடியேட்டர் கொதித்து நின்றபோது, அவன் வண்டியை ஓரங்கட்டித் தன் தண்ணீர்க் கேனைக் கொடுத்துவிட்டுப் போனான். அதைக்கூட, தன் வண்டிக்குத் தண்ணீர் தேவையில்லை என்று காட்டுவதற்கான பெருமை என்றே எடுத்துக்கொண்டேன். பொறாமை பிடித்தவனுக்கு உதவியும் உறைக்கத்தான் செய்யும்.

எங்கள் ஏழு பேருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. வண்டியை நகர்த்தியதும், அடியில் சொட்டியிருந்த எண்ணெய்க் கறைமேல் ஒரு கை மணலை அள்ளிப் போடுவோம். ஒழுகுகிற வண்டி என்று தெரிந்தால் முதலாளி நடையைக் குறைத்துவிடுவார். அவரவர் கறையை மறைப்பதிலேயே கண்ணாக இருந்தோம். அடுத்தவர் கையிலும் மணல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் முதலாளி கணக்கறைப் படியில் வந்து நின்றார்.

"புதன்கிழமையிலேர்ந்து ஒரு நடைக்கு முப்பத்தாறு மூட்டை. கூலி இதே கூலிதான்."

கணவன் இறந்த பிறகு அவன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டிருந்தவளை 'அக்கா' என்போம். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "முப்பதுக்கே வண்டி மூச்சு வாங்குது, முதலாளி."

"வண்டி யாரோடது?"

"எங்களோடதுதான்."

"அப்புறம் எங்கிட்ட எதுக்கும்மா சொல்றே? உன் வண்டிக்கு மூச்சு வாங்கினா நீதான் வைத்தியம் பாக்கணும்."

"நல்லா முதலாளி ஆக்கினீங்க! கதவைக் கயித்துல கட்டிட்டு ஓட்டுற முதலாளி!"

எல்லோரும் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை. "மாப்பிள்ளை சரின்னுட்டான். முடியாதவங்க வர வேண்டாம். வெளியில வண்டிக்கா பஞ்சம்?"

நாங்கள் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவன் தலை நிமிராமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என் வயிறு எரிந்தது. முப்பத்தாறு ஏற்றினால் என் வண்டிப் பட்டை ஒரே வாரத்தில் முறிந்துவிடும். அதோடு என் பிழைப்பும் போயிற்று.

சாவியைத் திருப்புமுன் கண்ணை மூடி ஒரு நிமிடம் கும்பிடுவது என் வழக்கம். செவ்வாய்க்கிழமை காலை அந்த வேண்டுதலில் அவன் வண்டியும் இருந்தது. அது எங்காவது நடுவழியில் படுத்துவிட வேண்டும் என்று வேண்டினேன். கடவுள் என்னைப் பொறுத்தருளட்டும்.

வேண்டியதோடு நில்லாமல், இருட்டு பிரியும் முன்பே போய் அந்தச் சரிவில் என் வண்டியை நிறுத்தினேன். சற்று நேரத்தில் அவன் வந்தான். என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால், சமதரையில் நிறுத்தினான். இன்ஜினை மட்டும் அணைக்கவில்லை.

கிடங்கு முற்றத்தில் இன்ஜின் ஓடக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். அவன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் வெளியே வந்தார்.

"என்னடா, புகையை உள்ளே விடுறே? அணை!"

"இதோ ஏத்தி முடிச்சிட்டேன், முதலாளி."

"அணைடான்னா!"

அவன் அணைத்தான். மீதி மூட்டைகளை ஏற்றினான். பிறகு சாவியைத் திருப்பினான். 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் 'டிக்'. வேறொன்றும் இல்லை.

"செல்ஃப் ஸ்டார்ட்டர் போச்சா? எத்தனை நாளா?" முதலாளி கேட்டார்.

"எட்டு மாசமா, முதலாளி."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் முதல் ஆளாக வந்தது சரக்குக்காக இல்லை, சரிவுக்காக. வண்டியை உருளவிட்டுக் கிளப்பிக்கொண்டிருந்திருக்கிறான். நான் பிடுங்கிக்கொண்டது அவன் வண்டியின் உயிரை.

"மூட்டையை இறக்கு" என்றார் முதலாளி. என் பக்கம் திரும்பினார். "நீ அதையும் எடுத்துக்க. இன்னைக்கு உனக்கு நாலு நடை." சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் வேண்டியது அப்படியே கிடைத்துவிட்டது. கை அதைத் தொட மறுத்தது.

மாப்பிள்ளை வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நானும் குனிந்தேன். மேலே பளபளத்த அந்த வண்டியின் அடிச்சட்டம் முழுக்க வெல்டிங் தழும்புகள். தரையில் எண்ணெய் சொட்டியிருந்தது.

"இது எத்தனாவது ஒட்டு?"

"நாலாவது, அண்ணே."

"இதை வெச்சுக்கிட்டா முப்பத்தாறுக்குச் சரின்னே?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "நீங்க சரின்னு சொல்லிட்டதா முதலாளி சொன்னாரே? அண்ணன் வண்டி தாங்குது, உன்னோடது தாங்காதான்னு கேட்டாரு. என்ன சொல்றது?"

"நானா? நான் எப்போ சொன்னேன்?"

பின்னால் நின்ற அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லாயிருக்கு! உன்னைக் காட்டி அவனை மடக்கி, அவனைக் காட்டி எங்களை மடக்கியிருக்காரு. நம்ம வாய் எதுக்கு இருக்கு? ஒருத்தரையொருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன, முத்தா உதிர்ந்திருக்கும்?"

நான் மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். "தம்பி, அந்த இடத்தை நான் வேணும்னேதான் பிடிச்சேன்."

"தெரியும்ணே." அவன் கைகளைத் துடைத்தான். "உங்க வண்டி ஒரே திருப்புல கிளம்பும். தினமும் அந்தச் சத்தம் கேக்கும்போது எனக்கும் வயிறு எரியும். ஆறு மணிக்கு ஆற அமர வர்றீங்களேன்னு."

என் வண்டியைச் சரிவிலிருந்து தெருவுக்கு இறக்கி ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, அவன் வண்டியின் பின்பலகையில் இரண்டு கைகளையும் ஊன்றினேன். அக்கா பக்கத்தில் வந்தாள். மற்ற நால்வரும் வந்தார்கள். முப்பது மூட்டைச் சுமையோடு வண்டி முதலில் அசையவே இல்லை. பிறகு ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு சரிவைத் தொட்டது. இன்ஜின் உறுமியபோது, எங்கள் எல்லோர் முகத்திலும் கரும்புகை. யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

அன்று சாயங்காலம் குழாயடியில் கைகால் கழுவும்போது ஒவ்வொருவராகச் சொன்னோம். என் பட்டையில் விரிசல். அக்காவின் பிரேக் மூன்று மிதிக்குப் பிறகுதான் பிடிக்கிறது. இன்னொருவர் வண்டியில் கியர் மூன்றில் நிற்பதில்லை. பாரத்தை இறக்குவதுபோல் ஆளுக்கொன்றாக இறக்கி வைத்தோம்.

புதன்கிழமை காலை ஏழு வண்டிகளும் கிடங்கு முன் சமதரையில் ஒரே வரிசையில் நின்றன. ஏழின் இன்ஜின் மூடிகளும் திறந்து கிடந்தன. அடியில் சொட்டிய கறைகளின்மேல் யாரும் மணல் போடவில்லை. நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். இந்த முறையும் வெள்ளை வண்டி அதில் இருந்தது.

முதலாளி படியிலேயே நின்றுவிட்டார். "என்னடா இது? எல்லா வண்டியும் ஒரே நாள்ல ரிப்பேரா?"

"ஒரே நாள்ல இல்ல முதலாளி, ஒரு வருஷமா" என்றேன். "முப்பது மூட்டைன்னா கிளம்பும். முப்பத்தாறுன்னா ஒண்ணுகூடக் கிளம்பாது."

"வேற வண்டி கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. வர்றவங்ககிட்டயும் இதைத் திறந்து காட்டுறோம்" என்றாள் அக்கா.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போனில் யாருடனோ பேசுவது கேட்டது. என்ன முடிவாகும் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சரிவு காலியாகக் கிடந்தது.

"தம்பி, வண்டியை அங்கே நிறுத்திக்கயேன். எப்போ கிளம்பணுமோ" என்றேன்.

மாப்பிள்ளை திரும்பி எங்கள் ஆறு பேரையும் பார்த்தான். திறந்த மூடிக்குக் கீழே வண்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

"இங்கேயே இருக்கட்டும்ணே. தள்ளத்தான் ஆள் இருக்கே."