தலைகீழாக மாட்டிய தெர்மோஸ்டாட்

கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்பது கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். மூக்குக்கண்ணாடிக்கடைக்காரருக்கும் தெரியும். தெரிந்துதான் துண்டைச் சுற்றிக்கொண்டு திறந்தார். பச்சைத் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. வாசல் சுவர், சட்டை, வலது மணிக்கட்டு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அவர் ஒற்றைக்காலில் நின்று ஆடிய ஆட்டத்தைப் பார்க்கத் தெருவில் ஒருவரும் இல்லாதது நிம்மதி. வீட்டுக்குள்ளிருந்து "ஐயோ, என்னாச்சு?" என்று ஒரு குரலும் வராதது அப்படியில்லை.

காலையில்தான் தெர்மோஸ்டாட்டைத் தன் கையாலேயே மாற்றியிருந்தார். எஞ்சின் சூடாகும்வரை மூடிக்கிடந்து, சூடேறியதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடுகிற சின்ன வால்வு. பழையது திறப்பேனா என்று அடம்பிடித்தது. சிக்னலில் நின்றாலே சூடு காட்டுகிற முள் மேலே ஏறியது. இரண்டு போல்ட், ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதானே என்று இறங்கிவிட்டார். ஊர்க்காரர்கள் மூக்கிலெல்லாம் கண்ணாடியை நேராக உட்காரவைத்தே காலம் தள்ளியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். கைராசிக்கார மெக்கானிக் என்றால் அது அவர் மனைவியின் தம்பிதான். சிக்கலும் அதுதான். மனைவி இப்போது அந்தத் தம்பி வீட்டு மாடியில் இருந்தாள். "கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்று மழையில் குடை பிடித்துப் போனவள். இப்போது வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் வா என்று கூப்பிடுகிற அன்று கார் பாதிவழியில் கொதித்து நின்று மானத்தை வாங்கக் கூடாது. இந்த ரிப்பேரே அதற்காகத்தான்.

ஆனால் வருவாயா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். "என்ன, அங்க ராணி மாதிரி கவனிக்கறாங்களாமே? எனக்கும் ஒரு ரூம் கிடைக்குமா?" அவள் சிரிக்கமாட்டாள். "மாத்திரை போட்டீங்களா?" என்பாள். "நான் போட்டுட்டேன், அதுதான் இன்னும் என்னைப் போட மாட்டேங்குது" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். சிரிக்கவைத்தே அவளைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவைத்த மனிதர். அந்தச் சிரிப்பு எப்போது தீர்ந்துபோனது என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

வலது கையை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டு, இடது கையால் மச்சினனுக்குப் போன் போட்டார்.

வந்தவன் சுவரைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"என்ன மாமா, வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சீங்களா?"

"ஒரு கோட்டுதான் ஆச்சு மாப்ள. ரெண்டாவது கோட்டுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

எஞ்சின் ஆறியபின் மச்சினன் வால்வைக் கழற்றித் தூக்கிக் காட்டினான். "ஸ்பிரிங் எஞ்சினைப் பார்த்து இருக்கணும். நீங்க ரேடியேட்டரைப் பார்க்க வச்சிருக்கீங்க. சூடே படலேன்னா அது எப்படித் திறக்கும்?"

"கழட்டும்போது எப்படி இருந்துச்சுன்னு பார்த்து வச்சேன்டா. நடுவுல டீ குடிக்கப் போனதுல மறந்துட்டேன்."

வால்வு கெட்டுப்போயிருக்கிறதா என்று வெந்நீரில் போட்டுப் பார்க்க வேண்டும். சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சின்னப் பாத்திரம் மட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தன. மற்றவை அவள் அடுக்கிய வரிசை கலையாமல் தூசி படிந்து நின்றன. மச்சினன் அலமாரியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஒரு பழைய தகர டப்பாவைத் தேடி எடுத்தான்.

"இந்தப் பாத்திரத்திலேயே போடேன்" என்றார்.

"சாப்பிடற பாத்திரம் வேண்டாம் மாமா. அந்தப் பச்சைத் தண்ணி, கூலன்ட், விஷம்."

"என் சமையலையே தாங்கின பாத்திரம்டா அது."

தண்ணீர் கொதித்தது. வால்வு மெல்ல வாய் திறந்தது. நல்லதுதான். ஸ்பிரிங்கை உள்பக்கம் வைத்து மாட்டி, கூலன்ட் ஊற்றி, மச்சினன் எஞ்சினைக் கிளப்பச் சொன்னான். "குழாய்ல காத்து நிக்கக் கூடாது. ஹீட்டரை முழுசா வச்சுட்டு உட்காருங்க."

கொளுத்துகிற வெயிலில் ஹீட்டரையும் போட்டுக்கொண்டு இருவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். மனைவியின் இருக்கை அவள் உயரத்துக்கு முன்னால் தள்ளியே இருந்தது. மச்சினனுக்கு முட்டி இடித்தது. இருக்கையைப் பின்னால் தள்ளுகிற நெம்புகோலுக்குப் போன அவன் கை பாதியில் நின்றது. காலை மடக்கிக்கொண்டான்.

"வெயிட் குறைக்க இதைவிடச் சுலபமான வழி இல்ல, என்ன?" என்றார் வியர்வையைத் துடைத்தபடி. அவன் சிரிக்கவில்லை.

"உங்கக்கா என்ன சொல்றா?"

"நல்லாருக்கா மாமா."

"எப்ப வராளாம்?"

"பாப்போம். முதல்ல முள் ஏறட்டும்."

முள் பாதிவரை ஏறி, அங்கேயே நின்றது. அவன் இறங்கிப்போய் மேல் குழாயைத் தொட்டுப் பார்த்தான், மூடியைப் போட்டான், திரும்பி வந்து உட்கார்ந்தான். வேலை முடிந்திருந்தது. ஆனாலும் கிளம்பவில்லை. கண்ணாடிக்கடைக்காரரின் நாக்கு நுனியில் வழக்கம்போல ஒரு ஜோக் வந்து நின்றது. நல்ல ஜோக்தான். அதை விழுங்கினார்.

"மாப்ள, அவ திரும்பி வருவாளா, மாட்டாளா?"

மச்சினன் கை நீட்டி ஹீட்டரை அணைத்தான்.

"வரமாட்டா மாமா. கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல. அங்க இருக்கறதுதான் அவளுக்குப் பிடிச்சிருக்கு. நீங்களே நேர்ல வந்து கூப்பிட்டாலும் வரமாட்டா."