எழுபது கிராம்

கல்லூரிப் பயிற்சி அறையில் பொம்மையின் இடது கையில் பலகை கட்டுவது அன்று பெரியக்காவின் முறை. ரப்பர் குழந்தை, அழாது, காலை உதைக்காது, கட்டும்போது கையை இழுத்துக்கொள்ளாது. இதைவிட அடக்கமான பிள்ளையை இந்த மூன்று வருடப் படிப்பில் அவள் பார்த்ததில்லை. ஊசி ஏற்றிய கை மடங்காமல் இருக்க, பஞ்சு சுற்றிய சின்னப் பலகையை அடியில் வைத்து, மேலே துணிக்கட்டுப் போட்டு, விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரியும்படி விட வேண்டும். அதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கட்டி முடித்து, பொம்மையைத் தூக்கி அடுத்தவளிடம் கொடுக்கப் போனாள். ஒரு பக்கமாகக் கை தாழ்ந்தது. பலகை இருந்த பக்கம் கனத்தது.

அவ்வளவுதான். காலையில் எடை போட்ட குழந்தையின் கை அவள் நினைவுக்கு வந்தது.

குழந்தைகள் நர்சிங் பட்டப்படிப்பில் அவள் இறுதியாண்டு. வயது முப்பத்தேழு. வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் இருபது, இருபத்தொன்று. பெரியக்கா என்ற பேர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஆசிரியைகளிலேயே இரண்டு பேர் அவளைவிடச் சின்னவர்கள். அவர்களும் வாய்தவறிப் பெரியக்கா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வதுண்டு. வீட்டில் பத்தாவது படிக்கும் மகளும் அவளும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து படிப்பார்கள். அம்மாவின் மருந்துக் கணக்குகளை மகள்தான் திருத்துவாள், ஈவு இரக்கமில்லாமல். போன வருடம் அந்த மகள் காய்ச்சலில் படுத்ததில் பதினொரு நாள் வார்டுக்குப் போக முடியாமல் ஒரு பயிற்சி கைவிட்டுப் போனது. ஒன்று போனால் மறுபடி செய்யலாம். இன்னொன்றும் போனால் படிப்பே போச்சு, மூன்று வருடமும் தண்ணீரில் கரைத்த மாதிரி. இன்றோடு இந்த வார்டுப் பயிற்சி முடிகிறது. பயிற்சித் தாளில் ஒரே ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள் என்று வார்டு சிஸ்டர் சொல்லியிருந்தார்.

இப்போது மணி மூன்று பத்து.

காலை ஆறு மணிக்கு, ஜன்னலோரக் கட்டிலில் இருந்த மூன்று மாதப் பெண் குழந்தையை எடை போட்டது பெரியக்காதான். நெஞ்சுச் சளியில் வந்து சேர்ந்த குழந்தை. சளி போய்விட்டது, ஆனால் உடம்பு மட்டும் தேறுவேனா என்று அடம்பிடித்தது. தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு இருபது கிராமாவது ஏறினால்தான் வீட்டுக்கு அனுப்புவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் நாள் இருபது. இரண்டாம் நாள் இருபத்தைந்து. இன்று மூன்றாம் நாள். பால் கொடுக்கும் முன்பு, சட்டை கழற்றி, இடுப்புத் துணி கழற்றி, ஒன்றுமில்லாமல் தராசில் கிடத்தினாள். முந்தின நாளைவிட ஐம்பத்தைந்து கிராம் அதிகம் காட்டியது. குழந்தையின் தாய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். ராசியான கை உங்களுக்கு என்றாள். பெரியக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்திலேயே எண்ணைக் குறித்தாள். முந்தின நாள் சாயங்காலம்தான் பழைய ஊசி அடைத்துப்போய், கடைசி மருந்துக்காகக் கையில் புதிதாக ஊசி ஏற்றி, முதல்முறையாகப் பலகை கட்டியிருந்தார்கள். அது அவள் கண்ணில் பட்டதா? பட்டது. கையில் இருப்பதாகப் பட்டதே தவிர எடையில் இருப்பதாகப் படவில்லை. பலகையோடு போட்டால் அதே மாதிரிப் பலகை ஒன்றைத் தனியாக நிறுத்துக் கழிக்க வேண்டும். முதலாண்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

பொம்மையிடமிருந்து பலகையையும் கட்டையும் அவிழ்த்துத் தராசில் வைத்தாள். எழுபது கிராம்.

ஐம்பத்தைந்தில் எழுபது போனால் என்ன மிச்சம் என்று கேட்க மகள் தேவையில்லை. குழந்தை ஏறவில்லை. பதினைந்து கிராம் இறங்கியிருந்தது.

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து தனக்குத்தானே வக்கீலாக வாதாடிப் பார்த்தாள். இது கல்லூரிப் பலகை, வார்டுப் பலகை இலேசாக இருக்கலாம். பதினைந்து கிராம் என்ன பெரிய விஷயம், குழந்தை ஒருமுறை ஒன்றுக்குப் போனால் அதைவிட அதிகம். பத்தொன்பது நாளாக நாற்காலியில் தூங்கும் அந்தத் தாய்க்கு வீட்டுக்குப் போனால் பால் இன்னும் நன்றாகச் சுரக்கும். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எந்த நியாயத்தைச் சொன்னாலும், வீட்டுக்குப் போய் யாரும் எடை பார்க்காமல் நாளுக்குக் கொஞ்சமாக வற்றிக்கொண்டே போகும் ஒரு குழந்தை அவள் கண்முன் வந்து நின்றது. அடுத்ததாகக் கையெழுத்து வாங்காத அந்தப் பயிற்சித் தாள் வந்தது. எது முதலில் வந்தது என்பதில் அவளுக்கே சந்தேகம், அதில்தான் வெட்கமாக இருந்தது.

கணவனுக்கு போன் போட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக்; ஏதோ ஒரு கட்டிடத்தின் உச்சியில் இருந்து பேசினான், பின்னால் இரும்புச் சத்தம். முழுக்கச் சொல்லி முடித்தாள். அவன் வாயிலிருந்து "விடு" என்ற ஒரு சொல் வந்தால் போதும் என்று காத்திருந்தாள்.

"வேலைய முடிச்சு தெருவுக்கு வந்தப்புறம்தான், அந்த நட்டை இறுக்கினோமான்னு தோணும்," என்றான். "முக்கால்வாசி இறுக்கித்தான் இருக்கும். ஆனாலும் நான் திரும்ப மேல ஏறிடுவேன். திட்டிக்கிட்டேதான் ஏறுவேன்."

அவளுக்கு அவன்மேல் எரிச்சலாக வந்தது. நல்லவனாக இருக்க இவனுக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை. போனை வைத்துவிட்டு நடந்தாள். கல்லூரியிலிருந்து வார்டுக்குப் பத்து நிமிட நடை, அன்று ஆறு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாள்.

வார்டு சிஸ்டருக்கு மாணவிகள் வைத்த பேர் நாலு பேனா. சட்டைப்பையில் எப்போதும் நான்கு குத்தியிருப்பார், கேட்டால் ஒன்றுகூட இரவல் தர மாட்டார். அவர் மேஜையில் வீட்டுக்கு அனுப்பும் காகிதம் பாதி எழுதியபடி இருந்தது. அதன் பக்கத்தில் பெரியக்காவின் பயிற்சித் தாள். அவளைப் பார்த்ததும், அதற்குள் வந்தாச்சா, ஐந்துக்குத்தானே சொன்னேன் என்றார்.

"காலைல பலகையக் கழிக்கல சிஸ்டர்." இந்த ஒரு வாக்கியத்தை ஆறு நிமிடமும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். அதனால் இப்போது அது தடுமாறாமல் வந்தது, யாரோ சொன்ன மாதிரி.

நாலு பேனா எடைத் தாளை எடுத்துப் பார்த்தார். எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து. ஒன்று அவளுடையது, சரிபார்த்ததற்கு அடையாளமாக இன்னொன்று அவருடையது. பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு பலகையும் துணிக்கட்டும் எடுத்துத் தராசில் வைத்தார். எழுபது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே எழுபது.

"நானும் பாக்காமத்தான் போட்டிருக்கேன்," என்றார். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் பெரியக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பாதி எழுதிய காகிதத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பயிற்சித் தாளை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். அதைப் பற்றி நாளைக்குப் பேசுவோம், முதலில் டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்றார். போனைக் கையில் எடுத்தபிறகு நிமிர்ந்து பார்த்து, "அந்தம்மாகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டார்.

"எடை போட்டது நான்தானே."

ஜன்னலோரக் கட்டிலில் மூட்டை கட்டி முடிந்திருந்தது. பிளாஸ்க், தலையணை, இரண்டு பை. குழந்தைக்கு மஞ்சள் கவுன் போட்டு, ஒரு சுற்றுப் பெரிதான தொப்பியும் போட்டிருந்தாள் தாய். தொப்பி புருவம்வரை இறங்கியிருந்தது. கையில் பலகை இல்லை, மத்தியானமே கழற்றிவிட்டார்கள். பெரியக்காவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க முடியவில்லை. நல்லவேளை வந்தீங்க, சொல்லாமப் போறமேன்னு இருந்துச்சு என்று ஆரம்பித்தவளை நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது.

சொன்னாள். பலகையை, எழுபதை, பதினைந்தை, நாளைக் காலையிலிருந்து மறுபடி எண்ண வேண்டிய மூன்று நாளை. தன் தவறு என்பதை இரண்டு முறை சொன்னாள், ஒருமுறை போதாதென்று.

அந்தத் தாய் திட்டவில்லை. குழந்தையின் தொப்பியை மெல்லக் கழற்றினாள்.

"உங்க கையப் புடிச்சுக்கிட்டு அழுதேனே," என்றாள். பையைத் திறந்து, மடித்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைக்கத் தொடங்கினாள். பெரியக்கா உதவப் போனாள். தாய் வேண்டாம் என்று தலையசைத்தாள். பெரியக்காவால் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் கால் வரவில்லை. நிற்கிறவளை யாரும் போகவும் சொல்லவில்லை.

அப்போதுதான் தலையணைமேல் கிடந்த போன் அடித்தது. தாய் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது.

"மூத்தவ," என்றாள். "ஆறு வயசு. போன வாரம் ஒருதடவ வர்றேன்னு சொல்லி ஏமாத்திட்டேன். இன்னைக்கு அவளே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேக்குறா, கிளம்பியாச்சான்னு." இன்னும் அடித்துக்கொண்டிருந்த போனை நீட்டினாள். "நீங்க சொல்லுங்க. என்னால இன்னொருவாட்டி முடியாது."

குழந்தைகளிடம் கெட்ட செய்தி சொல்வது எப்படி என்று ஒரு பாடமே இருந்தது. அதில் வகுப்பிலேயே முதல் மார்க் பெரியக்காவுக்கு. ஐந்து பக்கம் எழுதியிருந்தாள். அதில் ஒரு வரிகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. போனை வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது, குதித்துக்கொண்டே கூப்பிடுகிற மூச்சு.

"அம்மா, பாப்பா கனமாயிட்டாளா? நான் தூக்கலாமா?"

"அம்மா இல்லடா கண்ணு. நான் பாப்பாவ எடை போட்ட அக்கா."

அந்தப் பக்கம் சிறுமி போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டது போலக் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. கட்டிலின் மறுபுறம் தாய் துணி எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பெரியக்கா தன்னையறியாமல் வார்டின் நடைபாதையில், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையில், மெல்லக் குந்தி உட்கார்ந்திருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை எதிரில் நின்றால் முகத்துக்கு முகம் பார்க்கிற உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, அந்தப் பிள்ளையின் கையைப் பிடிக்கப்போவது போல ஒரு கையை முன்னால் நீட்டியிருந்தாள்.